வலது காலில் கியர் உள்ள வண்டி

ஜெர்மனியில் ப்ரேமர்ஹாஃபன் என்ற துறைமுக ஊருக்கு நாங்கள் வந்த முதல் பனிக்காலம். ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பிப் படியிறங்கினால், தெருவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு லாரி ஊர்ந்து வருகிறது. அதன் பின்பக்கம் ஒரு தட்டு கிறுகிறுவென்று சுற்றிச் சாலை முழுக்க வெள்ளையாக எதையோ விசிறிக்கொண்டிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். உப்பு. தூத்துக்குடிக்காரன் கண்ணுக்கு உப்பு தப்புமா? ஆனாலும் நம்ப முடியவில்லை. யாராவது ரோட்டில் கொண்டுபோய் உப்பைக் கொட்டுவார்களா? உறைந்த பனி உருகத்தான் தூவுகிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. குனிந்து நாலு பரலைப் பொறுக்கி, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த யாரும் யோசிக்காமல் செய்கிற காரியம்தான் அது. பரலைத் தேய்த்தால் ஈரப்பதம் தெரியும், நாக்கில் வைத்தால் கசப்பு தெரியும். இது சுமாரான உப்பு. எங்கள் ஊர் உப்புக்குப் பக்கத்தில் வர முடியாது.

எதிர்வீட்டு அம்மாள் ஃப்ராவ் லூடர்ஸ் ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கதவில் ஒரு துணிப்பை தொங்குகிறது. உள்ளே ஒரு பொட்டலம் சமையல் உப்பு, ஒரு ரொட்டி, கண்ணாடிப் போத்தலில் சூப். கூடவே ஒரு துண்டுச்சீட்டு. "சாலையில் இருப்பதைச் சாப்பிட வேண்டாம். என்னிடம் கேளுங்கள்." எனக்கு மானம் போய்விட்டது. மறுநாள் அவர் வீட்டு மணியை அடித்து, எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில், எங்கள் ஊரில் உப்பு மலைமலையாகக் குவிந்து கிடக்கும் என்று கையை உயர்த்திக் காட்டி விளக்கினேன். அவர் என் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்து, "இனி கவலை இல்லை, இங்கே எல்லாம் கிடைக்கும்" என்றார். இது நடந்து பத்தொன்பது வருஷமாகிறது. தூத்துக்குடிக்காரனுக்கு உப்பு தானம் கொடுத்த ஒரே பெண்மணி அவராகத்தான் இருக்க வேண்டும். அந்தச் சூப்பை நானும் மனைவியும் சிரித்துக்கொண்டே குடித்தோம். நல்ல சூப்.

உப்பைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம், எனக்கு உப்பை நினைத்தால் கூடவே ஒரு மோட்டார் சைக்கிளும் ஞாபகம் வரும். நான் துறைமுகத்தில் கன்டெய்னர் கிரேன்களுக்கு மின்வேலை பார்க்கிறவன். அங்கேயும் அதே வேலை, இங்கேயும் அதே வேலை. சில சமயம் கப்பல்கூட அதே கப்பல்தான். போன வசந்தகாலத்தில் ஒருநாள் காப்பி நேரத்தில் கூட வேலை பார்க்கும் ஊவெ தன் போனை என் பக்கம் நீட்டினான். ஊவெ வாரத்துக்கு இரண்டு வாக்கியம் பேசுகிற மனிதன். அதில் ஒன்றை அன்றைக்கு எனக்காகச் செலவழித்தான். "உன் நாட்டு வண்டி" என்றான். படத்தில் ஒரு தொழுவம், வைக்கோல், நடுவில் கறுப்பாக அது நின்றது. முந்நூற்றைம்பது சிசி. அதன் பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை. நம்மூரில் அது தெருமுனை திரும்பும்போதே வீட்டுக்குள் இருக்கிறவர்கள் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். நான் படத்தைப் பெரிதாக்கி எஞ்சினின் வலது பக்கத்தைப் பார்த்தேன். கியர் அங்கேதான் இருந்தது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். உலகமெல்லாம் மாறி, கடைசியில் கம்பெனியே மாற்றிவிட்ட பழைய அமைப்பு. நான் ஓட்டிய அதே மாடல். காப்பி ஆறிப்போனது தெரியாமல் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

கல்யாணமான புதிதில் வாங்கிய வண்டி அது. வாங்கும்போதே ஒருவர் ஓட்டியதுதான். அதைக் கிளப்புவது ஒரு சடங்கு. சின்ன லீவரை அமுக்கிக்கொண்டு, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல இறக்கி, மூச்சைப் பிடித்து ஒரே மிதி. முள் நடுவில் வராமல் அவசரப்பட்டு மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், முழங்கால் வீங்கிப்போகும். துறைமுகத்துக்குப் போகிற பாதையில் இரண்டு பக்கமும் உப்பளம். அந்தக் காற்றில் இரும்பு எதுவும் நிலைக்காது. ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால் சக்கரக் கம்பியில் செம்பழுப்பாகத் துரு பூத்துவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் வண்டியைக் கழுவித் துடைத்து, கம்பி கம்பியாகத் தேங்காய் எண்ணெய் தடவுவேன். கழுவுவதற்கு வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உதவாது, அதுவும் உப்புதான். ஆகவே குழாயில் வருகிற நல்ல தண்ணீரில் ஒரு குடம் எடுப்பேன். இங்கேதான் என் மனைவி தங்கபுஷ்பத்துக்கும் எனக்கும் சண்டை வரும்.

"குடிக்க வச்ச நல்ல தண்ணிய எடுத்து வண்டிக்கு ஊத்துதீயளே, நாளைக்குக் காப்பிய எதுல போட? பெட்ரோல்லயா?" என்பாள். வாரம் தவறாமல் கேட்பாள். வாரம் தவறாமல் நானும் ஒரு குடம் எடுப்பேன்.

இங்கே வேலை கிடைத்து விசா வந்தபோது வண்டியை சேவியரிடம் கொடுத்தேன். சேவியர் புன்னைக்காயல்காரன், துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை, என் கூட்டாளி. சாவியை அவன் கையில் வைத்த பிறகும் வளையத்தை விடாமல் பிடித்திருந்தேன். அவன்தான் சொன்னான். "ஏலே பொன்ராசு, மூஞ்சிய இப்பிடி வச்சுக்கிடாத. அஞ்சு வருசத்துல வரத்தான போற? வந்தா வண்டிய எடுத்துக்க. அதுவரைக்கும் நான் ஓட்டுதேன், அவ்வளவுதான்." ஐந்து வருஷம் என்று நானும் நம்பித்தான் விமானம் ஏறினேன். அப்புறம் மகள் பள்ளியில் சேர்ந்தாள், அப்புறம் அவள் படிப்பு, அப்புறம் அவளுக்கு ஹாம்பர்கில் வேலை. வருஷங்கள் ஒவ்வொன்றாக நழுவிப்போயின. ஆனால் யார் கேட்டாலும் என் பதில் மாறவில்லை. "ஊருக்குத் திரும்பிப் போய் முதல் வேலையா அந்த வண்டிய எடுக்கணும்." இதைச் சொல்லிச் சொல்லியே பத்தொன்பது பனிக்காலத்தைக் கழித்துவிட்டேன்.

அதனால்தான் ஊவெ காட்டிய படத்தை வீட்டில் காட்டியபோது புஷ்பம் சந்தோஷப்படவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தாள். கழற்றி வைத்தாள். "அப்ப நாம ஊருக்குப் போவலன்னு ஆயிப்போச்சா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. திரும்பிப் போய் எடுப்பேன் என்று சொன்ன வண்டியை இங்கேயே வாங்கிவிட்டால், திரும்பிப் போவதற்கு என்ன மிச்சம்? அவளே சொன்னாள். "வாங்கக் கூடாதுன்னு சொல்லல. செப்டம்பர்ல தங்கச்சி மவ கல்யாணத்துக்குப் போறோம்லா, அங்கன போய் நம்ம வண்டிய ஒரு தடவ ஓட்டிப் பாருங்க. பொறவு முடிவெடுங்க." அது எனக்கு நியாயமாகப் பட்டது. தொழுவத்துக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர், முழங்கால் போய்விட்டதால் விற்கிறார். அந்த வண்டி பிறந்த நாட்டுக்காரனே வாங்குவான் என்று ஊவெ சொல்லி வைத்ததால், அக்டோபர் வரை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். நம்மை முன்பின் பார்க்காத மனிதர்.

இன்னொரு தொல்லை இருந்தது. நம்மூர் லைசென்ஸ் இங்கே செல்லாது. கார் ஓட்ட முன்பே தேர்வு எழுதி வாங்கிவிட்டேன், மோட்டார் சைக்கிளுக்குத் தனியாகப் படிக்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் ஃபார்ஷூலே என்கிற ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தேன். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் என் மகளைவிடச் சின்னவர்கள். சொல்லிக்கொடுத்தவள் ஸ்வென்யா என்ற பெண். அவள் காரில் பின்னால் வருவாள், குரல் ரேடியோ வழியாக என் ஹெல்மெட்டுக்குள் ஒலிக்கும். எனக்கா வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறாய், நான் ஒரு மூட்டை அரிசியும் மனைவியும் மகளுமாக மார்க்கெட்டுக்குள் புகுந்து வந்தவன் என்று மனசுக்குள் ஒரு மிதப்பு. முதல் நாள் அவள் "பிரெம்ஸன்!" என்றாள். பிரேக் பிடி என்று அர்த்தம். என் இடது கால் ஓங்கி மிதித்தது. பழைய வண்டியில் பிரேக் இருந்த இடம் அது. பள்ளி வண்டியில் அங்கே கியர் இருந்தது. வண்டி திமிறிக் குலுங்கி அணைந்துபோய், நான் ஊரே பார்க்கப் புல்தரையில் நிதானமாகச் சாய்ந்தேன்.

"நீங்கள் இடது கைக்காரரா?" என்று ஸ்வென்யா கவலையோடு கேட்டாள். இல்லை, என் பழைய வண்டியில் எல்லாம் இடம் மாறி இருக்கும் என்றேன். "ஆ, புரிந்தது! இந்தியாவில் சாலையின் இடது பக்கம் ஓட்டுகிறீர்கள். அதனால் பிரேக்கையும் இடது பக்கம் வைத்துவிட்டீர்கள்!" என்றாள். அடுத்த வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்கும் அதைப் பாடமாகவே நடத்திவிட்டாள். திருத்தலாம் என்று எழுந்தேன். பத்தொன்பது வருஷமாகியும் அவ்வளவு ஜெர்மன் கைவசம் இல்லை, உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அந்தப் பெண்ணின் பொறுமையை என்னவென்று சொல்வது! என் வலது பூட்ஸில் சிவப்பு டேப் ஒன்றை ஒட்டி, "சிவப்பு என்றால் நிறுத்து" என்றாள். கோடை முழுக்க அந்தச் சிவப்பைப் பார்த்துப் பார்த்தே அந்தப் பழைய பழக்கத்தை என் காலிலிருந்து உருவி எடுத்தாள். ஆகஸ்டில் தேர்ச்சி பெற்றேன். என்னைவிட அவள்தான் அதிகம் குதித்தாள்.

செப்டம்பரில், அந்த பூட்ஸையும் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனோம். கல்யாணம் முடிந்த மறுநாளே நானும் புஷ்பமும் புன்னைக்காயலுக்குப் போனோம். சேவியர் வாசலிலேயே நின்றான். தலை நரைத்திருந்தது, நடையில் ஒரு சாய்வு. படகுக்குப் படகு குதித்துக் குதித்தே வலது முழங்கால் தேய்ந்துவிட்டதாம். வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போய்த் தார்ப்பாயை உருவினான். அங்கே நின்றது என் வண்டி. மட்கார்டில் ஒரு நெளிவு, டேங்கில் பெயின்ட் கொஞ்சம் உதிர்ந்திருந்தது, அவ்வளவுதான். சக்கரத்தில் கை வைத்தேன். விரலில் எண்ணெய் ஒட்டியது. மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

"இப்ப நான் ஓட்டுததில்லலே. கிக்கர மிதிக்க முட்டி ஒத்துக்கிடாது" என்றான் சேவியர். "வாரத்துக்கு ஒருக்க மச்சினன் வந்து மிதிச்சுக் குடுப்பான். பத்து நிமிசம் ஓட விட்டு அணைச்சிருவேன். எத்தன பேரு விலைக்குக் கேட்டு வந்தாம்ங்க தெரியுமா? மதுரையிலருந்து கார் போட்டு வந்தாம்ங்க. வண்டிக்காரன் ஜெர்மனில இருக்கான், வருவான், அவன்ட்ட கேளுங்கன்னு வெரட்டி விட்டுட்டேன்."

நான் பாட்டுக்கு அங்கே உட்கார்ந்து வாய்ப்பேச்சாக ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இவன் இங்கே முழங்கால் வலியோடு, பட்டனை அமுக்கினாலே கிளம்புகிற ஒரு ஸ்கூட்டர்கூட வாங்காமல், என் சொல்லுக்குக் காவல் இருந்திருக்கிறான். புஷ்பம் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

"என்னலே முழிக்க? எடுத்து ஓட்டு" என்று சாவியைக் கையில் வைத்தான். லீவரை அமுக்கி, முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, ஒரே மிதி. டுப் டுப் டுப் என்று எடுத்துக்கொண்டது. அந்தச் சத்தம் வயிற்றில் வந்து அடித்தது. புஷ்பம் அந்தக் காலம் போலவே ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடித்தாள். ஊரைத் தாண்டி உப்பளப் பாதையில் போனோம். குவித்த உப்பு வெயிலில் கண்ணைப் பறித்தது. காற்றில் அதே பழைய வாசம். எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஹெல்மெட் இருந்ததால் தப்பித்தேன். இவ்வளவும் இங்கே அப்படியே இருக்கிறது, நான்தான் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். வேலையை விட்டுவிட்டு வந்துவிடலாம் என்றே ஒரு நிமிஷம் தீர்மானித்துவிட்டேன். முன்னால் போன உப்பு லாரி அந்த நேரம் பார்த்து நின்றது.

என் காதுக்குள் ஸ்வென்யா "பிரெம்ஸன்!" என்றாள். அவள் சொல்லிக்கொடுத்தபடியே வலது கால் அழுத்தியது. ஆனால் இந்த வண்டியில் அது கியர். மூன்றிலிருந்து நான்குக்கு விழுந்து, வண்டி நிற்பதாக இல்லை. கை பிரேக்கைப் பிடித்து ஹேண்டிலை ஓரமாக ஒடித்தேன். சிந்திக் கிடந்த உப்பில் சக்கரம் வழுக்கிக்கொண்டு போய், வரப்பில் ஏறி, ஓரத்துக் குவியலில் முட்டிச் சாய்ந்தது. புஷ்பம் உப்புக் குவியலில் உட்கார்ந்த நிலையில் இருந்தாள். நான் பாத்திக்குள் முழங்கால் ஆழ உப்புத் தண்ணீரில்.

உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். அடி ஒன்றும் பெரிதாக இல்லை, முழங்கையில் சிராய்ப்பு, அதில் உப்புத் தண்ணீர் பட்டு உயிர் போனது. அவர்களில் ஒரு பெண் தான் குடிக்க வைத்திருந்த கேனைச் சாய்த்து என் கையைக் கழுவிவிட்டாள்.

"என்ன அண்ணாச்சி, பிரேக்கு பிடிக்கலியா?"

"கால் மாறிப்போச்சும்மா."

"வண்டி புதுசோ?"

"இல்லம்மா, பழைய வண்டிதான். என் வண்டிதான்."

அவள் என் பூட்ஸைப் பார்த்தாள். வலது முனையில் சிவப்பு டேப். "ஓ, வெளியூரா?" என்றாள். குத்திக்காட்டிக் கேட்கவில்லை, வழி தெரியாத ஆளிடம் கேட்கிற மாதிரி பரிவாகத்தான் கேட்டாள். இந்தப் பாதையில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியவன் நான் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. கழுவிய கையை வைத்துக்கொண்டு அவள் முன்னால் நின்றேன்.

"ஆமாம்மா" என்றேன். "வெளியூருதான்."

சொன்ன பிறகு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மனசில் பெரிதாக ஒன்றும் உடையவில்லை. புஷ்பம் சேலையில் ஒட்டிய உப்பைத் தட்டிக்கொண்டே எழுந்து வந்தாள். தோள்பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்தாள். எனக்குத்தான் குடிக்கத் தருகிறாள் என்று கையை நீட்டினேன். அவள் நேராகப் போய் அந்த நல்ல தண்ணீரைச் சக்கரத்துக் கம்பிகளில் சிந்தாமல் ஊற்றிக் கழுவினாள். முந்தானையால் துடைத்தாள். "உப்போட விட்டா நாளைக்கே பூத்துரும்" என்றாள். எத்தனை ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டவள்! என் கண் நிறைந்துவிட்டது. இந்தத் தடவை ஹெல்மெட்டும் இல்லை.

வண்டியை உருட்டிக்கொண்டு நடந்தே திரும்பினோம். சேவியரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். "நான் திரும்பி வருவேன்னு தோணலடே. இத்தன வருசம் உன்ன வீணா காக்க வச்சிட்டேன். வண்டிய நீ வித்துரு. நல்லதா ஒரு ஸ்கூட்டர் வாங்கு."

சேவியர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "கிறுக்குப்பயலே, உனக்காவ வச்சிருக்கேன்னா நெனச்ச? என் மூத்தவ பொறந்தப்போ ஆஸ்பத்திரியிலருந்து இந்த வண்டிலதாம்ல கூட்டியாந்தேன். அம்மயக் கடைசியா கோயிலுக்குக் கொண்டுபோனதும் இதுலதான். எனக்கு விக்க மனசில்ல. கேக்கவன்கிட்ட அதச் சொன்னா விலைய ஏத்துதாம்ங்க. அதான் உன் பேரச் சொல்லி வெரட்டுதேன். ஜெர்மன்னா எவனும் மறுபேச்சு பேச மாட்டாம்லா!"

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பத்தொன்பது வருஷம் ஒருவன் என்னை எதிர்பார்த்துக் காத்திருந்தான் என்று சற்று முன்புதான் உருகியிருந்தேன். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனால் பாரம் இறங்கியது அதைவிடப் பெரிது. என் வண்டி என்னை நினைத்து ஏங்கவில்லை, இன்னொரு வீட்டின் பிள்ளையையும் தாயையும் சுமந்துகொண்டு நன்றாகவே வாழ்ந்திருக்கிறது. அதற்கு எண்ணெய் தடவிய கைக்கு நான் எப்படி நன்றி சொல்வது? கட்டிப்பிடித்துக்கொண்டேன். "சட்டயெல்லாம் உப்பாக்காதலே" என்று தள்ளிவிட்டான். வாசலில் நின்று வழியனுப்பும்போது மட்டும், "நீ வந்தா ஓட்டிக்க. அதுக்கு நீ உள்ளூரா இருக்கணும்னு ஒண்ணுமில்ல" என்றான்.

அக்டோபர் முதல் வாரத்தில் தபால்காரரின் தொழுவத்திலிருந்து வண்டியை எடுத்து வந்தேன். ஊவெ கூடவே வந்து, "நன்று" என்றான். அது அந்த வாரத்தின் இரண்டாவது வாக்கியம். இங்கே பனிக்காலத்தில் ஓட்டாத வண்டிக்குத் தனியாக ஒரு நம்பர் பலகை உண்டு. எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று பலகையிலேயே அச்சடித்திருக்கும். என்னுடையதில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. மிச்ச மாதங்கள் வண்டி தூங்கும். போனில் சேவியரிடம் சொன்னேன். "அப்ப டிசம்பர்ல இங்கன வா. இது தூங்காது" என்றான். வண்டியைக் கிளப்பி போனைப் பக்கத்தில் பிடித்தேன். காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "சத்தம் கொஞ்சம் தட்டுதுலே, டாப்பெட்டப் பாரு" என்றான். பார்த்தேன். வால்வைத் தள்ளுகிற அந்தத் தண்டில் இடைவெளி கூடியிருந்தது, சரியாகத்தான் சொல்லியிருந்தான்.

வண்டி தூங்குவதற்கு இடம் கொடுத்தவர் ஃப்ராவ் லூடர்ஸ். அவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது, கார் ஓட்டுவதில்லை, கராஜ் சும்மா கிடக்கிறது. நேற்று இந்த ஆண்டின் முதல் உப்பு லாரி தெருவில் போனது. நான் கராஜில் உட்கார்ந்து கம்பி கம்பியாகத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அவர் வந்து எட்டிப் பார்த்து, "சமையல் எண்ணெய் தீர்ந்துவிட்டால் என்னிடம் கேளுங்கள்" என்றார். கேட்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் என் பூட்ஸ் துடைத்து வைத்திருந்தது. இந்த வண்டிக்கு பிரேக் இடது காலில். ஆகவே வலது பூட்ஸில் ஸ்வென்யா ஒட்டிய சிவப்பு டேப்பைப் பிய்த்து இடது பூட்ஸில் ஒட்டச் சொல்லிப் புஷ்பத்திடம் கேட்டிருந்தேன். அவள் இடதில் புதிதாக ஒன்று ஒட்டியிருந்தாள். வலதில் இருந்ததைப் பிய்க்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அந்தப் புள்ள கஷ்டப்பட்டு ஒட்டுனது, இருக்கட்டும்" என்றாள். இப்போது என் இரண்டு பூட்ஸிலும் சிவப்பு இருக்கிறது. ஏப்ரலில் வண்டியை எடுக்கும்போது எந்தக் காலை நம்புவது என்று தெரியவில்லை.